பழைய அடுக்கக வீட்டின் இரண்டு கணக்குகள்

சென்னையில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் முதன்முதலாக வீடு வாங்கியவரின் கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் படித்தால், பல நேரங்களில் அதில் வீடு இருப்பதில்லை. மனையின் சர்வே எண், நான்கெல்லை, அந்த மனையில் வாங்குபவருக்கு உரிய ‘பிரிபடாத பாகம்’ எத்தனை சதுர அடி என்பது ஆகியவை மட்டுமே கிரயமாக எழுதப்பட்டிருக்கும். மேலே நிற்கும் படுக்கையறையும் சமையலறையும் கட்டுநருடன் தனியே செய்துகொண்ட கட்டுமான ஒப்பந்தத்தில் அடங்கிவிடும். நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே ஆவணமாகப் பதிவு செய்யும் முறை புதிய அடுக்ககங்களுக்கு 2023 டிசம்பரில்தான் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. முத்திரைத்தாள் செலவைக் குறைப்பதற்காக வளர்ந்த பழைய வழக்கம் என்றாலும், அது ஓர் உண்மையைத் தற்செயலாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது: அடுக்கக வீடு வாங்குபவர் வாங்குவது ஆண்டுதோறும் தேய்கின்ற ஒரு கட்டடத்தையும், பெரும்பாலும் ஆண்டுதோறும் விலை ஏறுகின்ற ஒரு துண்டு நிலத்தையும் ஆகும்.

முதலீட்டு நோக்கில் வாங்கப்படும் பழைய வீட்டை மதிப்பிடுவதில் நேரும் பிழைகளில் பல, இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதால் நேர்கின்றன. புது வண்ணப் பூச்சும் பளிங்குத் தரையும் நிலத்தின் விலையை உயர்த்திக் காட்டுகின்றன. ‘மெட்ரோ வரப்போகிறது’ என்ற பேச்சு துருப்பிடித்த கம்பியை மறைத்துவிடுகிறது. கட்டடத்தின் நிலை ஒரு கேள்வி. சொத்தின் வருங்கால வாய்ப்பு வேறொரு கேள்வி. முன்னதற்கு விடை சொல்பவர் பொறியாளர். பின்னதற்கு விடை, நகரமைப்பு விதிகளிலும் பக்கத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்திலும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்து, இறுதியில் ஒரே எண்ணில் எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதைச் சென்னையின் பழைய அடுக்ககத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஆவணம் சொல்வதும் சொல்லாததும்

இரு கணக்குகளையும் தொடங்குவதற்கு முன், விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்பது தெளிவாக வேண்டும். வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை முதலியவற்றின் பட்டியல். 1975ஆம் ஆண்டுக்குப் பிந்திய பதிவுகளைப் பதிவுத்துறையின் இணையவழிச் சேவையிலேயே தேடிப் பார்க்க முடிவதால், இச்சான்றில் ஒன்றும் இல்லையென்றால் சொத்தில் வில்லங்கமே இல்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். பதிவானதை மட்டுமே அது காட்டும். பதிவு செய்யப்படாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையில் உள்ள உரிமை வழக்கு, இறந்துபோன உரிமையாளரின் வாரிசுகள் ஆகியவை அதற்குள் வருவதில்லை.

வாரிசுரிமையில் தமிழ்நாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989இல் மாநில அரசு கொண்டுவந்த திருத்தம், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்கு நிகரான பங்கைத் தந்தது. 2005இன் மத்திய அரசுத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. தந்தை அந்தத் திருத்தத்திற்கு முன்பே இறந்திருந்தாலும் அவ்வுரிமை செல்லும் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே, பூர்விகச் சொத்தாக வந்த மனையைச் சகோதரர்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்றிருந்தால், தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கும் உரிமைச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கறிஞர்கள் குறைந்தது முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்றையும், அதனோடு வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் கேட்பது இதனால்தான்.

அடுக்ககத்திற்கே உரிய இன்னொரு சோதனை எளிய கூட்டல் கணக்கு. எல்லா வீடுகளின் பத்திரங்களிலும் எழுதப்பட்ட பிரிபடாத பாகங்களைக் கூட்டினால் மனையின் மொத்தப் பரப்பு வர வேண்டும். குறைவாக வந்தால் நிலத்தில் ஒரு பகுதி முதல் உரிமையாளரிடமோ கட்டுநரிடமோ தங்கியிருக்கிறது. மிகுந்து வந்தால் ஒரே நிலம் இருமுறை விற்கப்பட்டிருக்கிறது. மொட்டைமாடியின் உரிமை எவரிடம் என்பதையும், வரைபட அனுமதியில் மூன்று தளம் என்றிருக்க நான்காவது தளம் எப்படி வந்தது என்பதையும் இதே கட்டத்தில் கேட்டுவிட வேண்டும். அனுமதியில்லாத தளத்தில் உள்ள வீட்டுக்கு, குடியிருப்பு இடித்துக் கட்டப்படும் நாளில், நிலப்பங்கைத் தவிர வேறெதையும் உறுதியாகக் கோர முடியாது.

முதற்கணக்கு: கட்டடத்தின் நிலை

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இழுவிசையை ஏற்பதற்காகவே அதனுள் இரும்புக் கம்பி புதைக்கப்படுகிறது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை மிக உயர்ந்தது. அந்தக் காரச் சூழலில் கம்பியின் மேல் உருவாகும் மெல்லிய படலம் துருவைத் தடுத்து நிற்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளிறங்கிக் காரத்தன்மையைக் குறைக்கும்போதும், கடற்காற்றிலும் உப்புநீரிலும் உள்ள குளோரைடு கம்பியைச் சென்றடையும்போதும் அந்தப் படலம் அழிகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளின் பழைய கட்டடங்களில் சன்ஷேடும் பால்கனியின் அடிப்பகுதியும் முதலில் உதிர்வதற்கு, மெல்லிய கான்கிரீட் மூடலும் உப்புக்காற்றும் ஒன்றுசேர்வதே காரணம்.

கட்டப்பட்ட ஆண்டும் ஒரு சான்றுதான். இந்தியத் தர நிறுவனத்தின் கான்கிரீட் நெறிமுறையான ஐஎஸ் 456, அதன் 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு எம் 15 தரத்தை ஏற்றிருந்தது; இருபத்தெட்டு நாள் ஆன கனசதுரம் ஒன்று சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். 2000ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்த அளவை எம் 20 ஆக உயர்த்தியதோடு, சூழலின் கடுமைக்கு ஏற்பத் தரமும் கம்பியின் மேல் மூடலும் கூட வேண்டும் என்றது. அதற்கு முற்பட்ட கட்டடங்கள் எல்லாம் பழுதானவை என்று இதற்குப் பொருளில்லை. அவற்றுக்குப் பாதுகாப்பு விளிம்பு குறைவு என்பதே பொருள்.

வாங்குபவர் தம் கண்ணாலேயே காணக்கூடிய அடையாளங்கள் பல. சுவர்ப் பூச்சில் மயிரிழையாக எல்லாத் திசையிலும் ஓடும் விரிசல் பெரும்பாலும் பூச்சின் சுருக்கமே. விட்டத்திலோ தூணிலோ கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக ஓடும் விரிசலும், அதன் ஓரம் கசியும் செம்பழுப்புக் கறையும் வேறு வகையைச் சேர்ந்தவை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறிச் செல்லும் விரிசல் அடித்தளம் ஒரு பக்கம் அமிழ்ந்திருப்பதைச் சுட்டலாம். வீட்டுக்குள் பார்க்க வேண்டிய முதல் இடம், மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழுள்ள கூரை. அங்கு ஓதம் காத்து, சிறு சுத்தியால் தட்டும்போது கணீரென்ற ஒலிக்குப் பதில் பொத்தென்ற ஒலி வந்தால் கான்கிரீட் கம்பியைவிட்டு விலகிவிட்டது. மேல்தளத்து வீடாக இருந்தால் மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட காப்புத் தளமும் அதன்மேல் பதித்த தட்டோடும் எந்நிலையில் உள்ளன என்று பார்ப்பது, உள்ளறைகளைச் சுற்றிப் பார்ப்பதைவிட முதன்மையானது.

ஐயம் எழுந்தால் அளந்து பார்க்க வழி உண்டு. ஒலியலைத் துடிப்பைக் கான்கிரீட்டினூடே செலுத்தி வேகத்தை அளக்கும் சோதனையில், நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் நல்ல தரத்தையும், 3 கிலோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட வேகம் ஐயத்துக்குரிய தரத்தையும் குறிக்கிறது. அதைவிட எளியது பினாப்தலீன் சோதனை. தூணின் ஓரத்தில் புதிதாகப் பெயர்த்த இடத்தில் அந்தக் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை எஞ்சியுள்ள பகுதி கருஞ்சிவப்பாக மாறும், அது போய்விட்ட பகுதி நிறமற்றே நிற்கும். நிறமற்ற விளிம்பு இருபது மில்லிமீட்டர் ஆழம் இறங்கி, கம்பி இருபத்தைந்து மில்லிமீட்டரில் இருந்தால், அந்தக் கட்டடத்தின் எஞ்சிய நல்ல காலம் ஐந்து மில்லிமீட்டர் கான்கிரீட்டில் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாயில் முடியும் இத்தகைய ஆய்வைப் பல இலட்சம் கொடுத்து வாங்குபவர்கள் தவிர்த்துவிடுவது வியப்புக்குரியது.

புதிய கட்டடம் என்பதே நல்ல நிலைக்கு உறுதி ஆகாது. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று சரிந்து 61 பேரைப் பலிகொண்ட பதினொரு தளக் கட்டடம் இன்னும் குடியேறாத, கட்டுமானத்திலிருந்த கட்டடம். அதன் இணைக் கட்டடம் பாதுகாப்பற்றது என முடிவாகி 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மாறாக, திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் அரசு வாரியத்தின் பழைய குடியிருப்பு ஒன்றின் ஒரு தொகுதி இடிந்து விழுந்தபோது, விரிசலைக் கண்டு குடியிருந்தோர் முன்னரே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. பழைய கட்டடத்துக்கு ஒரு நன்மை உண்டு: அது தன் நோயைப் பெரும்பாலும் வெளியே காட்டிவிடுகிறது, பார்ப்பவர் பார்க்க வேண்டும்.

கட்டடத்தின் நிலை அதன் சுவர்களோடு முடிவதில்லை. சென்னைத் தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதன் விளைவாக, ஒருகாலத்தில் இரண்டு படி ஏறிச் சென்ற தரைத்தளங்கள் இன்று சாலைக்குக் கீழே இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நீர் எந்த அளவு ஏறியது என்பதைத் தரகர் சொல்லாவிட்டாலும், தரைத்தள மின்பெட்டி பிறகு இடுப்பளவிலிருந்து தலைக்கு மேலே மாற்றப்பட்டிருப்பது சொல்லிவிடும். அடுத்தது தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்கு ஒரு குடியிருப்பு எவ்வளவு செலவிட்டது என்பது அதன் சங்கக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகத்தைக் கேட்டுப் பார்ப்பதில் வேறொரு பயனும் உண்டு: பராமரிப்புக் கட்டணம் செலுத்தாத வீடுகள் எத்தனை, பெரும் பழுதுக்கு ஒதுக்கிய நிதி எவ்வளவு என்பவை, அண்டை அயலார் ஒன்றுகூடி ஒரு முடிவெடுக்கக் கூடியவர்களா என்பதைக் காட்டிவிடும்.

இரண்டாம் கணக்கு: நிலத்தின் வாய்ப்பு

வாடகை வருமானம் ஒன்றே நோக்கமென்றால் பழைய அடுக்கக வீடு பெரும்பாலும் ஏமாற்றமே தரும். பின்வரும் எண்கள் கணக்குக்காகக் கொண்டவை. ரூ.75 இலட்சம் விலையுள்ள 900 சதுர அடி வீட்டுக்கு மாதம் ரூ.20,000 வாடகை வந்தால் ஆண்டு வருமானம் ரூ.2.4 இலட்சம், அதாவது 3.2 விழுக்காடு. ஆள் மாறும் இடைவெளியில் ஒரு மாத வாடகை இழப்பு, சொத்துவரி, உரிமையாளர் ஏற்கும் பழுதுகள் ஆகியவற்றுக்கு ரூ.62,000 கழித்தால் எஞ்சுவது ரூ.1.78 இலட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்தால் முதலீடு ரூ.81.75 இலட்சமாகிறது, நிகர ஈவு 2.2 விழுக்காட்டுக்குள் நின்றுவிடுகிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கி அதன் வட்டியையும் வருமானமாக எண்ணும் சென்னை வழக்கத்துக்கும், வைப்புத்தொகையைப் பொதுவாக மூன்று மாத வாடகைக்குள் நிறுத்திய 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இசைவாக இல்லை. வங்கி வைப்பைவிடக் குறைந்த இந்த ஈவை ஒருவர் ஏற்கிறார் என்றால், வேறிடத்தில் ஆதாயம் வரும் என்று நம்புகிறார். அந்த வேறிடம் நிலம்.

நிலத்தின் வாய்ப்பை அளக்கும் கருவி தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பைக் கட்டலாம் என்பதைக் குறிக்கும் இந்த எண்ணைக் கட்டுநர்கள் எஃப்எஸ்ஐ என்றே சொல்வர். சென்னையில் சாதாரணக் குடியிருப்புகளுக்கு நெடுங்காலம் 1.5 ஆக இருந்த இது, 2019இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமான கட்டடம் என்ற வகைக்குள் வராதவற்றுக்கு 2 ஆக இருக்கிறது. கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் குறியீடும் உண்டு, அது சாலையின் அகலத்துக்கேற்ப உயர்ந்து 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகளில் 50 விழுக்காடு வரை செல்லும். அதனால் வீட்டை அளப்பதற்கு முன் தெருவை அளப்பது நல்லது.

இரண்டு கிரவுண்டு மனையில், அதாவது 4,800 சதுர அடியில், எட்டு வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பை எண்ணிப் பார்க்கலாம். வீட்டுக்கு 900 சதுர அடி வீதம் மொத்தம் 7,200 சதுர அடி. பழைய குறியீடான 1.5க்குச் சரியாக இருக்கிறது. இன்றைய 2 என்ற குறியீட்டில் 9,600 சதுர அடி கட்டலாம். உரிமையாளர்கள் தத்தம் 900 சதுர அடியைத் திரும்பப் பெற்றபின் கட்டுநருக்கு விற்க எஞ்சுவது 2,400 சதுர அடி. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு ரூ.3,000 எனில் ரூ.2.88 கோடி, எட்டுக் குடும்பங்களும் வெளியே தங்கும் இரண்டாண்டுக்கு மாதம் ரூ.20,000 வீதம் வாடகை ரூ.38.4 இலட்சம், மொத்தம் ரூ.3.26 கோடிக்கு மேல். அப்பகுதியில் புதிய வீடு சதுர அடி ரூ.13,000க்கு விற்குமானால் கட்டுநருக்குக் கிடைப்பது ரூ.3.12 கோடி, அவர் வரமாட்டார். ரூ.18,000க்கு விற்குமானால் ரூ.4.32 கோடி கிடைக்கும். அனுமதிக் கட்டணம், வட்டி, ஆதாயம் ஆகியவற்றுக்கு ரூ.1 கோடிக்குச் சற்று மேல் மிஞ்சும். விதி இரண்டு இடங்களுக்கும் ஒன்றே. ஓரிடத்தில் வாய்ப்பு உண்டு, மற்றோரிடத்தில் இல்லை. ‘பழைய பிளாட், எப்படியும் இடித்துக் கட்டுவார்கள்’ என்று பொதுப்படச் சொல்லப்படும் உறுதி, இந்தக் கழித்தலில் தேறினால்தான் உறுதி.

கழித்தலில் தேறினாலும் கையெழுத்து வேண்டும். அனைவருடைய இசைவும் வேண்டியிருந்த காலத்தில் வெளிநாட்டில் வாழும் ஒரே ஓர் உரிமையாளரோ, வாரிசு வழக்கில் சிக்கிய ஒரே ஒரு வீடோ முழுக் குடியிருப்பையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்க முடிந்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரு பங்கினரின் இசைவு போதும் என்றது. எட்டு வீடுகளில் ஆறு சேர்ந்தால் போதும் என்றாலும், இசையாத இருவர் நீதிமன்றம் செல்வதை எந்தச் சட்டமும் தடுக்காது.

வாய்ப்பைக் குறைக்கும் வரம்புகளும் உள. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், திருவான்மியூருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் சுற்றுப்புறம், விமான நிலையத்தையொட்டிய உயரக் கட்டுப்பாடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று, மேலே சொன்ன குறியீட்டை ஏட்டளவில் நிறுத்திவிடலாம். வரவிருக்கும் திட்டங்களைக் கணக்கில் சேர்ப்பதிலும் நிதானம் தேவை. அறிவிப்பு வந்த நாளிலேயே விற்பவர் அதன் விலையைச் சேர்த்துவிடுகிறார். திட்டமோ தன் காலத்தில்தான் வருகிறது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான சுமார் ஐந்து கிலோமீட்டர்ப் பறக்கும் ரயில் நீட்டிப்பு 2008இல் தொடங்கி, நில எடுப்பு வழக்குகளால் பதினைந்து ஆண்டுகளையும் தாண்டி நீண்டது. அதை நம்பிக் கடனில் வாங்கியவர் அத்தனை ஆண்டும் வட்டி கட்டினார்.

இரு கணக்கும் சேரும் இடம்

கட்டடத்தின் எஞ்சிய மதிப்பை விலையிலிருந்து கழித்து, மீதியைப் பிரிபடாத பாகத்தால் வகுத்தால், வாங்குபவர் நிலத்துக்குச் சதுர அடிக்கு என்ன கொடுக்கிறார் என்பது தெரிந்துவிடும். கட்டடத்தின் ஆயுளை மதிப்பீட்டாளர்கள் கொள்வதுபோல அறுபது ஆண்டு என்று வைத்து, ஒரே தெருவில் ரூ.75 இலட்சத்துக்கு வரும் இரண்டு 900 சதுர அடி வீடுகளை ஒப்பிடலாம். முதல் வீட்டுக்கு 35 வயது, பாகம் 600 சதுர அடி. புதிதாகக் கட்டினால் ரூ.27 இலட்சம் ஆகும் கட்டடத்தில் அறுபதில் இருபத்தைந்து பங்கு எஞ்சியிருப்பதால் மதிப்பு ரூ.11.25 இலட்சம், பொறியாளர் சொன்ன பழுதுக்கு ரூ.5 இலட்சம் கழித்தால் ரூ.6.25 இலட்சம். நிலத்துக்குக் கொடுப்பது ரூ.68.75 இலட்சம், சதுர அடி ஏறத்தாழ ரூ.11,460. இரண்டாவது வீட்டுக்குப் பத்து வயது, பாகம் 350 சதுர அடி. கட்டடத்தின் மதிப்பு ரூ.22.5 இலட்சம், நிலத்துக்கு ரூ.52.5 இலட்சம், சதுர அடி ரூ.15,000. லிஃப்டும் பளபளப்பும் கொண்ட இரண்டாவது வீடு, அதே தெரு நிலத்தைச் சதுர அடிக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதலாக விற்கிறது.

இந்த எண்ணைத் தெருவில் வெறும் மனை விற்கும் விலையோடு ஒப்பிட்டபின், நிலை என்ற கணக்கு மீண்டும் தேவைப்படுகிறது. இடித்துக் கட்டுவதற்கு எட்டு வீட்டாரும் பேசி முடிக்கப் பத்தாண்டு ஆகலாம். அந்தப் பத்தாண்டும் கட்டடம் வாடகைக்கு உகந்ததாக நிற்குமா என்பதற்குப் பதில் அந்தத் தூணின் ஐந்து மில்லிமீட்டரில் இருக்கிறது. நிற்கும் என்றால் 2.2 விழுக்காடு வாடகை, காத்திருப்பதற்குக் கிடைக்கும் கூலி. நிற்காது என்றால் வாங்குபவர் நிலத்தோடு ஓர் அவசரத்தையும் சேர்த்து வாங்குகிறார். அவசரத்தோடு கட்டுநரிடம் பேச உட்காரும் எட்டுக் குடும்பங்களுக்கு, ஏட்டில் எழுதிய 900 சதுர அடி முழுதாகத் திரும்பி வருவது அரிது.